ஸ்ப்ரவாட்டோ எடுத்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறோம். என் கணவருக்கு மூன்று வருடமாக மனச்சோர்வு. இரண்டு மாத்திரைகள் மாற்றிப் பார்த்தாகிவிட்டது, பெரிதாகப் பலன் இல்லை. இப்போது டாக்டர் கெட்டமின் (ஒரு மயக்க மருந்து) வகை மூக்கு ஸ்ப்ரேயான ஸ்ப்ரவாட்டோவை ஆரம்பிக்கலாம் என்கிறார். அடுத்த செவ்வாய் முதல் நாள்.

முதல் நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை. இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், கடைசி அரை மணி நேரம் தண்ணீரும் கூடாது. ஸ்ப்ரே அடித்த பிறகு குறைந்தது 2 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். பிரஷர் ஏறலாம் என்பதால் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். மறுநாள் வரை கார் ஓட்டக் கூடாது.

உடம்பை விட்டு விலகி நிற்பது போல இருக்கும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும் என்றார் டாக்டர். அங்கேதான் இவர் முகம் மாறியது. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல், "நான் ஏதாவது உளறிட்டா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

(மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. பெயரைத் தேடினால் போதைப்பொருள் என்றுதான் முதலில் வரும், அப்புறம் ஊரே போன் செய்யும்.)

எடுத்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்: அந்த இரண்டு மணி நேரம் எப்படி இருந்தது? பாட்டு கேட்டால் நன்றாக இருக்குமா? பக்கத்தில் என்னை உட்கார விடுவார்களா? குமட்டல் வந்ததா? எத்தனையாவது தடவையில் வித்தியாசம் தெரிந்தது? பலன் இல்லாமல் போயிருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.