டிராக்டர் ட்ரெய்லரில் சட்டப்படி எத்தனை மூட்டை ஏற்றலாம்?

நீடா_சம்பா:
சம்பா அறுவடை நெருங்குகிறது. 47 எச்.பி. டிராக்டர், பின்னால் இரண்டு சக்கர ட்ரெய்லர். பெட்டி 10 அடிக்கு 6 அடி, அடைப்பு 2 அடி உயரம், மேலே பலகை போட்டால் 4 அடி. டிராக்டர் ஆர்.சி.யில் வெற்று எடை 2,080 கிலோ. ட்ரெய்லர் ஆர்.சி.யில் வெற்று எடை 1,500, மொத்த எடை 6,000 என்று இருக்கிறது. எங்கள் பக்கம் 40 கிலோ மூட்டை 150 வரை அடுக்குகிறார்கள். "விவசாய வண்டிக்கு வெயிட் கணக்கே கிடையாது, டிராக்டர் இழுக்கிற வரைக்கும் ஏத்தலாம்" என்கிறார்கள். உண்மையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? மெயின் ரோட்டில் நிறுத்தினால் எவ்வளவு போகும்?

ஆர்சி_புக்:
கணக்கே கிடையாது என்பது தப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதனால்தான் அதற்குத் தனி நம்பர், தனி ஆர்.சி. சட்டத்தின் 113-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடையைத் தாண்டி எந்த வண்டியையும் எந்த ட்ரெய்லரையும் ரோட்டில் ஓட்டக் கூடாது என்கிறது. விவசாய வண்டிக்குச் சில சலுகைகள் உண்டு, எடையில் இல்லை.

உங்கள் கணக்கு எளிது. 6,000-இல் 1,500 போனால் 4,500 கிலோ, அவ்வளவுதான் சரக்கு. 40 கிலோ நெல்லோடு சாக்கின் எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஆக மூட்டைக்கு 40.6 வைத்துக்கொள்ளுங்கள். 110 மூட்டை 4,466 கிலோ. 111-ஆவது ஏறினால் தாண்டிவிடும். 60 கிலோ மூட்டை சாக்கோடு 61 கிலோ என்றால் 73. நீங்கள் சொல்லும் 150 மூட்டை 6,090 கிலோ, அதாவது சுமார் 1.6 டன் அதிகம்.

அபராதம் 194-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்கு முன் 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000-மும் இருந்தது. இப்போது 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஒரு டன் கூடினால் 22,000, இரண்டு டன் என்றால் 24,000. கூடுதல் சரக்கை இறக்குகிற கூலியும் உங்கள் பொறுப்பு, இறக்காமல் வண்டியை நகர்த்த விட மாட்டார்கள். ஜனவரிப் பனியில் ரோட்டோரம் நாற்பது மூட்டையை இறக்கி வைத்து, அதற்கு இன்னொரு வண்டி பிடிப்பதை யோசியுங்கள். எடை போட வர மாட்டேன் என்று கிளம்பினால் அது தனிக் குற்றம், 40,000. அதிகாரி எங்கே வேண்டுமானாலும் இழுத்தடிக்கவும் முடியாது: போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள், அல்லது போய்ச் சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கிற எடைமேடைக்குத்தான் கூப்பிடலாம். இது 114-ஆம் பிரிவு.

இன்னொன்று. ஓட்டுபவர் வேறு, ஓனர் வேறு என்றாலும், ஓனருக்குத் தெரிந்துதான் ஏற்றினார்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். "டிரைவர் ஏத்திட்டான் சார்" எடுபடாது.

களத்துமேடு:
மேலே சொன்னது மூட்டைக் கணக்கு. சம்பாவில் பெரும்பாலும் மிஷினிலிருந்து நேராகப் பெட்டியில் கொட்டி, கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவித்து, அங்கேதானே தூற்றிச் சாக்கு பிடிக்கிறார்கள்? அதற்கு அளவுக் கணக்கு வேண்டும்.

காய்ந்த நெல் கன அடிக்குச் சுமார் 16 கிலோ. உங்கள் பெட்டி 2 அடி அடைப்பில் 120 கன அடி, ஆக 1.9 டன் சொச்சம். பயமே இல்லை. 4 அடிப் பலகையோடு தலை தட்டினால் 240 கன அடி, 3.8 டன். அதுவும் எல்லைக்குள்தான். மாட்டுவது கோபுரமாகக் குவித்து ஏற்றும்போதும், நெல் ஈரமாக இருக்கும்போதும்.

ஈரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 17 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ இருக்கிற நெல், 22 சதவீதத்தில் 1,064 கிலோ, 25-இல் 1,107 கிலோ. நெல் அதே நெல்தான், கூடியது வெறும் தண்ணீர். நான்கு டன் லோடில் 25 சதவீத ஈரம் என்றால் சுமார் 385 கிலோ கூடுதல் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறீர்கள், அதற்குக் கொள்முதலில் ஒரு பைசா கிடைக்காது. முடிந்தால் வயலோரம் ஒரு வெயில் காட்டிவிட்டு ஏற்றுங்கள்.

பட்டறை_மன்னை:
அபராதத்தை எல்லாரும் கேட்கிறார்கள், கொக்கியை யாரும் கேட்பதில்லை. இரண்டு சக்கர ட்ரெய்லரில் 6,000 கிலோ என்ற எண்ணுக்குள் இருந்தாலும், அந்த எடை பெட்டியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வண்டி கவிழ்வதும் கவிழாததும் இருக்கிறது.

கொக்கியிலிருந்து ட்ரெய்லர் ஆக்சில் வரை 12 அடி என்று வைப்போம். சுமையின் நடுப்புள்ளி ஆக்சிலுக்கு 1 அடி முன்னால் இருந்தால், 6,000-இல் பன்னிரண்டில் ஒரு பங்கு, 500 கிலோ, கொக்கியில் அமரும். 2 அடி முன்னால் போனால் 1,000 கிலோ. கொக்கி டிராக்டர் பின் ஆக்சிலுக்குப் பின்னால் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே அழுத்தினால் முன்பக்கம் தூக்கும். 2,080 கிலோ டிராக்டரில் முன்சக்கரத்தில் சுமார் 830 கிலோ இருக்கும். கொக்கியில் 1,000 கிலோ விழுந்தால் அது 520-க்கு இறங்கும். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் இழுவை 600 கிலோ. கொக்கி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் இன்னும் 140 கிலோ போய், மிஞ்சுவது 380. டிராக்டர் வெற்று எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு, உங்களுக்கு 416. அதற்குக் கீழே போனால் ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

நம்ம ஊர் சமதளம், ஏற்றம் எங்கே என்று கேட்காதீர்கள். வயலிலிருந்து ஆற்றங்கரைக்கு ஏறும் சரிவும், வெண்ணாறு, வெட்டாறு பாலங்களின் இரு பக்கத்து ஏற்றமும் போதும். கொக்கியை மேலே லிங்கில் (கலப்பை மாட்டும் மேல் தண்டில்) மாட்டி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பின் ஆக்சில் நடுவுக்கு மேலே போய்விட்டால் ஏற்றத்தில் டிராக்டர் பின்னோக்கிக் கவிழும். கீழே இருக்கிற டிராபாரில் (இழுவைச் சட்டத்தில்) தான் மாட்ட வேண்டும்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. பின்கதவு பக்கம் கனம் கூடினால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டர் பின்சக்கரத்துக்குப் பிடி போய்விடும், ட்ரெய்லர் வால் ஆட்டும். ஆகவே மூட்டையை ஆக்சில் மேலிருந்து தொடங்கி முன்னும் பின்னும் பரப்புங்கள், முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. கொள்முதல் நிலையத்தில் இறக்கும்போது முன்பக்க மூட்டையை முதலில் எடுத்துவிட்டால் நின்ற இடத்திலேயே கொக்கி எகிறும். அதனால் பின்னாலிருந்து இறக்குங்கள்.

பிரேக்: இந்த வகை ட்ரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது. ஆறு டன்னை இரண்டு டன் டிராக்டர்தான் நிறுத்தியாக வேண்டும். ரோட்டுக்கு வந்ததும் இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் சேர்க்கும் லாக்கைப் போடுங்கள். சேற்றில் உழுதுவிட்டு அப்படியே வந்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி குறுக்கே திரும்பும். பாலம் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், கிளட்சை மிதிக்காதீர்கள். மிதித்தால் ட்ரெய்லர் தள்ளும்.

டயரில் பக்கவாட்டில் அச்சடித்த அதிகபட்சச் சுமையைப் படியுங்கள். இரண்டு டயரின் கூட்டுத்தொகை, 6,000-இல் கொக்கிச் சுமை போக மிச்சத்துக்குக் குறையக் கூடாது. லாரியில் கழித்த டயருக்கு ரீட்ரெட் போட்டு மாட்டியிருந்தால் அந்த அச்சு எண்ணை நம்ப வேண்டாம். ஆர்.சி., டயர், டிராக்டர் கையேட்டில் உள்ள இழுவை அளவு, மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

நீடா_சம்பா:
ரொம்ப நன்றி அண்ணே. அறுவடை முடிந்ததும் எம்-சாண்ட், செங்கல் அடிக்கக் கூப்பிடுகிறார்கள். அதே பெட்டி, அதே கணக்குதானே?

ஆர்சி_புக்:
எடைக் கணக்கு அதேதான், மற்றதெல்லாம் மாறும். விவசாய டிராக்டர் போக்குவரத்து வண்டி இல்லை என்ற வகையில் பதிவாகிறது. வாடகைக்கு மணல் அடித்தால் அந்தச் சலுகை நிற்காது: பர்மிட் இல்லாமல் ஓட்டியதாக 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து நடந்தால் விவசாயத்துக்கு என்று எடுத்த இன்சூரன்ஸ் கையை விரிக்கும். அடிக்கத்தான் வேண்டும் என்றால் கமர்ஷியலாக மாற்றிவிட்டு அடியுங்கள்.

பாலிசியில் ட்ரெய்லர் நம்பர் எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். டிராக்டருக்கு மட்டும் எடுத்துவிட்டு ட்ரெய்லரை விட்டுவிடுவது சகஜம். மூட்டை மேல் லோடுமேன் உட்கார்ந்து வருவதற்குத் தனி பிரீமியம் கட்டாமல் கவர் இல்லை. லைசென்ஸ் பற்றி யாராவது மிரட்டினால்: டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் இருந்தால் ட்ரெய்லர் மாட்டியும் ஓட்டலாம் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

களத்துமேடு:
எம்-சாண்ட் கன அடிக்கு 45 முதல் 50 கிலோ, நனைந்தால் இன்னும் கூடும். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, நாலரை முதல் ஐந்து டன். உங்கள் 4,500 கிலோவுக்கு 90 கன அடி. 10-க்கு 6 பெட்டியில் ஒன்றரை அடிதான். அடைப்பு வரைக்கும் நிரப்பினால் 6 டன். நெல்லுக்குப் பழகிய கண் மணலில் ஏமாறும். செங்கல் ஒன்று 3 கிலோ என்றால் 1,500 கல்.

வைக்கோலில் கதை தலைகீழ். பேலர் (வைக்கோல் கட்டும் மிஷின்) உருட்டு ஒன்று சுமார் 20 கிலோ, நூறு ஏற்றினாலும் 2 டன்தான். அங்கே மாட்டுவது அகலமும் உயரமும். பக்கவாட்டிலோ பின்னாலோ அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டினால் 194(1ஏ)-இல் அதே 20,000. தஞ்சை–நாகை ரோட்டில் ராத்திரியில் வைக்கோல் வண்டியின் பின்விளக்கை மறைத்துக்கொண்டு போகிறார்கள் பாருங்கள், அபராதத்தை விடுங்கள், பின்னால் வருகிற பைக்காரனுக்கு அது தெரியவே தெரியாது. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை வைக்கோலுக்கு வெளியே, பின்னால் தொங்கும் பலகையில் ஒட்டுங்கள். அப்படியே, சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறாதீர்கள். காற்று டயர் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டுவதும் 113-இல் வருகிறது.

நீடா_சம்பா:
கொக்கியில் எத்தனை கிலோ இருக்கிறது என்று நான் எப்படி அளப்பது? லோடோடு கழற்றி வைக்க முடியாதே.

பட்டறை_மன்னை:
கழற்ற வேண்டாம் தம்பி. முதலில் ட்ரெய்லர் இல்லாமல் டிராக்டரை மட்டும் எடை போடுங்கள், ஓட்டுபவர் உட்கார்ந்தபடி. 2,150 வருகிறது என்று வைப்போம். லோடு ஏற்றியதும் இரண்டையும் சேர்த்து மேடையில் நிறுத்துங்கள், அதே ஆள், டீசலும் ஏறக்குறைய அதே அளவு. 8,050 வந்தால் ட்ரெய்லர் 5,900, ஆர்.சி.க்குள் இருக்கிறது. பிறகு டிராக்டரை மேடையை விட்டு முன்னால் எடுத்து, ட்ரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கட்டும், கொக்கி மாட்டியபடியே. 5,300 என்றால் மிச்சம் 600 கொக்கியில். கடைசியாகப் பின்னுக்கு எடுத்து டிராக்டர் முன்சக்கரம் மட்டும் மேடையில். அது 600-க்கு மேல் இருந்தால் பாலம் ஏறலாம். குறைந்தால் நாலைந்து மூட்டையைப் பின்வரிசைக்கு மாற்றுங்கள், போதாவிட்டால் முன் வெயிட் மாட்டுங்கள்.

மேடையும் ரோடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பள்ளமான ரோட்டில் பாதி வண்டி நின்றால் எண் பொய் சொல்லும். பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டுப் படியுங்கள், பிரேக் பிடித்த சக்கரம் இழுத்துப் பிடித்துக் கணக்கை மாற்றும்.