எல்லா டெஸ்ட்டும் நார்மல், தம்பி பிபி மெஷினை மட்டும் விடவில்லை

தம்பிக்கு வயது 31, திருச்சி. கூட வேலை பார்த்தவர் மாரடைப்பில் இறந்ததிலிருந்து 4 மாதமாக நெஞ்சில் குத்தல், படபடப்பு. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது. பெரும்பாலும் இரவு 11 மணிக்கு மேல்தான். மாடி ஏறும்போது ஒன்றும் இல்லை.

ஈசிஜி 3 முறை, எக்கோ (இதய ஸ்கேன்), டிஎம்டி (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி), 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர், தைராய்டு எல்லாம் நார்மல். இதய டாக்டரும் மனநல டாக்டரும் ஒன்றே சொல்கிறார்கள்: நோய் பயம். நடிப்பு இல்லை. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மரத்துப்போகும், தலை சுற்றும். ஆக்சிஜன் குறைவதில்லை, ஆக்சிமீட்டர் 98, 99தான் காட்டும். குத்தல், நெஞ்சுத் தசை இறுகுவதால்.

செய்து பார்த்தவை: 4 நொடி இழுத்து 6 நொடி விடும் மூச்சு, தினம் இருமுறை 10 நிமிடம் (மரத்துப்போவது பாதி குறைந்தது). காபி நிறுத்தம். பதற்றத்துக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை 10 மி.கி., 5 வாரமாக. கூகுளில் தேடுவதும் நின்றுவிட்டது.

நிற்காதது பிபி பார்ப்பது. நாளுக்கு 15 முறை. முதலில் 148/92 வரும், பதறி உடனே மறுபடி கட்டினால் 156. சும்மா 5 நிமிடம் உட்கார்ந்தால் 122/80. மெஷினை ஒளித்து வைத்தோம், எதிர் மெடிக்கலில் போய்ப் பார்க்கிறான். "ஒண்ணுமில்லடா" என்று நாங்கள் சொல்வதும் இன்னொரு மெஷின்தான், அரை மணி நேரம் தாங்கும்.

சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும்) கவுன்சலிங்குக்கு அடுத்த மாதம்தான் தேதி. இப்படி அடிக்கடி பிபி பார்ப்பதைப் படிப்படியாகக் குறைத்தவர்கள், வாரத்துக்கு எத்தனை முறை என்று குறைத்தீர்கள்?