நான்கு பேர் எழுதும் கட்டுரையில் ஒரே நூல் இரண்டு முறை வருகிறது: ஜோட்டெரோ நூலகத்தைப் பகிர்வதில் உதவி தேவை

ஈற்றடி:
வணக்கம். நான்கு பேர் சேர்ந்து ஒரு தொகுப்பு நூலுக்கு நீண்ட கட்டுரை எழுதுகிறோம். நானும் இன்னொருவரும் ஒரே துறை, மற்ற இருவரும் வெளியே வேறு வேறு நிறுவனங்களில். நூல் விவரங்களைச் சேர்த்து வைத்து மேற்கோள் செருகும் மென்பொருளாக மூன்று பேரிடம் ஜோட்டெரோ, ஒருவரிடம் எண்ட்நோட். வேர்டு கோப்பு மின்னஞ்சலில் சுற்றுகிறது.

தொடக்கத்திலேயே என் நூலகத்தை ஆர்ஐஎஸ் கோப்பாக (நூல் விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கோப்பு) எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். எல்லோரிடமும் இருப்பது அதே 214 பதிவுகள்தான். ஆனாலும் துணைநூற்பட்டியலில் ஒரே நூல் 2014ஏ, 2014பி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சில இடங்களில் ஆசிரியர் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு நூலின் ஆண்டை என் பக்கம் திருத்தினால், மற்றவர்கள் போட்ட மேற்கோளில் பழைய ஆண்டே இருக்கிறது. எண்ட்நோட் நண்பர் செருகியவை எதைப் புதுப்பித்தாலும் அசைவதில்லை. என்ன தவறு செய்கிறேன்?

மேற்படி:
நூலகத்தில் 'டூப்ளிகேட் ஐட்டம்ஸ்' என்று ஒரு பகுதி இருக்குமே, அங்கே போய் இரட்டைகளை ஒன்றாக இணைத்துவிடுங்கள். எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

ஈற்றடி:
அதைத்தான் முதலில் பார்த்தேன். என் நூலகத்தில் இரட்டையே இல்லை, எல்லாம் ஒற்றைப் பதிவு.

பழைய_பிழைதிருத்தி:
இருக்காது. இரட்டை இருப்பது நூலகத்தில் அல்ல, ஆவணத்தில்.

வேர்டில் நீங்கள் செருகும் ஒவ்வொரு மேற்கோளுக்குள்ளும் அது எந்த நூலகத்தின் எந்தப் பதிவு என்ற முகவரி பதிந்திருக்கிறது, கூடவே நூல் விவரத்தின் ஒரு நகலும். ஆர்ஐஎஸ் வழியாக இறக்கிய ஒவ்வொருவரிடமும் புதுப் பதிவுகள், புது முகவரிகள். நீங்கள் போட்ட மேற்கோளும் அவர் போட்ட மேற்கோளும் நம் கண்ணுக்கு ஒரே நூல், ஜோட்டெரோவுக்கு இரண்டு நூல். அதனால்தான் ஏ, பி. ஒருவர் பதிவில் முழுப்பெயரும் இன்னொருவர் பதிவில் தலைப்பெழுத்தும் இருந்தால், இரண்டு வெவ்வேறு ஆசிரியர்கள் என்று நினைத்துத் தலைப்பெழுத்தையும் சேர்க்கிறது. உங்கள் ஆண்டுத் திருத்தம் அவர்கள் மேற்கோளுக்குப் போகாததும் இதனால்தான்.

ஒரு தனிப்பட்ட குழு நூலகம் தொடங்கி மற்ற ஜோட்டெரோக்காரர்களை அழையுங்கள். வெளியில் இருப்பவருக்கு ஓர் இலவசக் கணக்கு போதும். இனி எல்லோரும் அந்தக் குழுவிலிருந்து மட்டுமே மேற்கோள் போட வேண்டும். 'நான் என் நூலகத்திலிருந்தே போட்டுக்கொள்கிறேன், எல்லாம் ஒன்றுதானே' என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். ஒன்று அல்ல.

மேற்படி:
குழு எல்லாம் எதற்கு, ஜோட்டெரோ கோப்புறையையே டிராப்பாக்ஸில் வைத்துப் பகிர்ந்தால்?

பழைய_பிழைதிருத்தி:
தயவுசெய்து வேண்டாம். உள்ளே இருப்பது ஒரே தரவுத்தளக் கோப்பு. இருவர் ஒரே நேரத்தில் திறந்தால் அது கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். எண்ட்நோட் நூலகத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஈற்றடி:
குழு தொடங்கி 214 பதிவுகளையும் இழுத்துப் போட்டேன். ஒரு பத்தியில் சோதித்தேன்: பழைய மேற்கோளை அழித்து அதே நூலைத் திரும்பச் செருகினேன். மறுபடியும் 2014பி! தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பழைய_பிழைதிருத்தி:
செருகும் பெட்டியில் பெயரைத் தட்டியதும் வரும் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மேலே 'சைட்டட்' என்ற தலைப்பு, அதன் கீழே 'மை லைப்ரரி', அப்புறம்தான் குழுவின் பெயர். 'சைட்டட்' என்பது ஆவணத்தில் ஏற்கெனவே இருப்பவை. முதலில் கண்ணில் படுவதால் கை அதையே அழுத்தும், பழைய பதிவே திரும்ப வந்து உட்காரும். குழுவின் பெயருக்குக் கீழே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இழுத்துப் போடுவது நகல்தான் என்பதையும் மனதில் வையுங்கள். இனி உங்கள் சொந்த நூலகத்தில் செய்யும் திருத்தம் குழுவுக்குப் போகாது. குழுவிலேயே திருத்துங்கள்.

அடிக்குறிப்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், பட்டு அறிந்தது. இழுத்துப் போடும்போது பதிவோடு சேர்ந்து உங்கள் குறிப்புகளும் போகும். ஒரு கட்டுரைக்கு 'சுத்தப் பிதற்றல்' என்று எனக்காக எழுதி வைத்திருந்தேன். குழுவில் அதை முதலில் படித்தவர் அந்தக் கட்டுரையை எழுதியவரே. நூலகங்களுக்கு இடையே நகலெடுக்கும்போது என்னென்ன போக வேண்டும் என்பதை அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம், குறிப்புகளை நீக்கிவிட்டு இழுங்கள்.

பிடிஎஃப்களையும் யோசித்துச் செய்யுங்கள். குழுவின் கோப்புகள் குழு உரிமையாளரின் கணக்கில்தான் இடம் பிடிக்கும், இலவச அளவு 300 எம்பி. நூல் விவரங்களுக்கு அந்த வரம்பு இல்லை. தவிர, உங்கள் நிறுவனம் சந்தா கட்டி வாங்கும் கட்டுரைகளை வெளியாருக்குத் தர உரிமம் இடம் கொடுக்காமல் போகலாம். நாங்கள் குழுவில் கோப்புச் சேமிப்பையே அணைத்துவிட்டோம், டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) இருந்தால் அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

ஈற்றடி:
அடிக்குறிப்பு, உடனே போய் என் குறிப்புகளை எல்லாம் குழுவிலிருந்து அழித்துவிட்டேன். நன்றி!

எண்ட்நோட் நண்பருக்கு என்ன வழி? மென்பொருளை மாற்ற மாட்டேன் என்கிறார்.

பழைய_பிழைதிருத்தி:
மாறச் சொல்லாதீர்கள், சண்டைதான் மிஞ்சும். இரண்டு மென்பொருளின் குறிகளும் ஒன்றுக்கொன்று புரியாது, ஒரே ஆவணத்தில் இரண்டும் இருக்கவே கூடாது. அவர் மேற்கோள் வர வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் பெயர், ஆண்டு, பக்கம் மட்டும் தட்டட்டும், மஞ்சள் பூசிவிடட்டும். குழுவில் இல்லாத நூல் என்றால் அந்தப் பதிவுகளை மட்டும் ஆர்ஐஎஸ்ஸாக அனுப்பட்டும். நீங்கள் ஒருவரே குழுவுக்குள் இறக்கி, மஞ்சளைத் தேடி மேற்கோள் செருகுங்கள். இரண்டு பேர் இறக்கினால் மறுபடியும் இரட்டை.

பதிப்பாளருக்கு அனுப்பும்போது கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' கொடுங்கள். அது எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக்கிவிடும், பிறகு புதுப்பிக்க முடியாது.

ஈற்றடி:
இரண்டு மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். 2014ஏ, 2014பி போய்விட்டன. ஓர் இடத்தில் மட்டும் தலைப்பெழுத்து போகவில்லை. பார்த்தால், அங்கே உண்மையிலேயே ஒரே குடும்பப்பெயரில் இரண்டு ஆசிரியர்கள்! எண்ட்நோட் நண்பரின் மஞ்சள் இன்னும் 11 இடங்களில் பாக்கி.