லயத்து வீட்டைப் படம் எடுக்க 16 மி.மீ. லென்ஸ் தேவையா?

ஆறாங்கட்டை:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயங்களை, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை, படம் எடுத்து முகநூலில் போடப் போகிறோம்; தொழிலாளர் இலாகாவுக்கும் மனுவோடு போகும். அறை பத்தடிக்குப் பத்தடி. 16 மி.மீ. அகலக் கோண லென்ஸ் இல்லாமல் அறை ஒரு படத்தில் அடங்காது. கறுப்பு வெள்ளை, குழந்தைகள் முகத்தோடு. பார்க்கிறவனுக்கு உறைக்க வேண்டும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கித்தா மரம்:
இருக்கிறது. 16 போட்டால் பத்தடி அறை மண்டபமாகிவிடும். வீடு விற்கிற ஏஜெண்டுகள் அதைத்தானே மாட்டுகிறார்கள்! ஓரத்தில் நிற்கிறவர் முகமும் இழுபடும். 35 மி.மீ. போட்டு, வாசலுக்கு வெளியே நின்று, கதவு நிலையையும் சேர்த்து எடுங்கள். நெருக்கடி அதில்தான் தெரியும். கறுப்பு வெள்ளையில் தகரத்துத் துரு, பலகைப் பூஞ்சை, ஒழுகின கறை மூன்றும் ஒரே சாம்பல்.

ஆறாங்கட்டை:
வெளியே நின்றால் உள்ளே கும்மிருட்டு. பிளாஷ் வேண்டாமா? நியூயார்க் சேரிகளைப் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் மெக்னீசியப் பொடி கொளுத்தித்தான் எடுத்தார். 1890இல் அந்தப் படங்களோடு புத்தகம் வந்ததும், பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டே அவரைத் தேடிப் போனார்.

பாலுவாளி:
அதே பொடியால் அவர் ஒரு வீட்டுச் சுவரையும் பற்ற வைத்தார். சம்மதம் கேட்காமல் இரவில் நுழைந்து எடுத்ததும் அந்தக் கணக்கில்தான்.
லயத்தில் பிளாஷை மேலே திருப்பியும் பயனில்லை. சீலிங் கிடையாது, புகை ஏறிய உத்திரம் வெளிச்சத்தை விழுங்கிவிடும். காலை எட்டரைக்குள் போய், சன்னலைத் திறந்து, கேமராவின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200, லென்ஸ் துவாரம் எஃப் 2.8. பழைய குழல் விளக்கு எரிந்தால் ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், குழல் விளக்கு அதற்கேற்ப மினுங்கும். 1/250 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

ஆறாங்கட்டை:
சரி. முகம் இல்லாத துருவை யார் பார்ப்பார்?

கித்தா மரம்:
இலாகா அதிகாரி பார்ப்பார். 1990ஆம் ஆண்டு தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டத்தைக் காட்டிப் புகார் கொடுக்கும்போது கண்ணீர் செல்லாது. ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு படம்: முழுச் சுவர் ஒன்று, அளவு நாடா பிடித்துக் கிட்டத்தில் ஒன்று. கீழே வீட்டு எண், தேதி, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்.

பாலுவாளி:
முகமே கூடாது என்பேனா? பெரியவர்களுக்குத் திரையில் படத்தைக் காட்டிக் கேளுங்கள், சரி என்றால் போடுங்கள். குழந்தைகளை விட்டுவிடுங்கள். வீடு தோட்டத்துச் சொத்து. வேலை போனால் வீடும் போகும். முகநூல் பிரதியில் ஜிபிஎஸ் இடக்குறிப்பை அழியுங்கள், மூலக் கோப்பைத் தொடாதீர்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) படமாக அனுப்பினால் எடுத்த தேதி கழன்றுவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஆறாங்கட்டை:
35க்கு மாறுகிறேன். முகநூலுக்குக் கறுப்பு வெள்ளைதான்.

கித்தா மரம்:
போடுங்கள். அங்கேயும் வந்து கேட்பேன், துரு எங்கே என்று.