ஆபீஸ் லீஸில் போலோ ஜிடி: டீசல் எடுத்தவர்கள், பெட்ரோல் எடுத்தவர்கள் அனுபவம்

மேடவாக்கத்துக்காரர்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் கேன்டீனில் கேட்டார். "அண்ணா, கம்பெனி கார் லீஸ்ல ஓட்ட ஜாலியா ஒரு ஹேட்ச்பேக் எடுக்கணும். பெட்ரோலா, டீசலா?" பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம் என்று ஆரம்பித்தேன். டீ ஆறிப்போய்விட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சேருங்கள், அவருக்கு உதவும்.

2016-இல் நான் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிடிஐ எடுத்தேன், 48 மாத லீஸ். அதாவது கார் லீஸ் கம்பெனியுடையது, வாடகை நம் சம்பளத்தில் பிடிப்பார்கள். அப்போது ஓட்டும் ஆசை உள்ளவர்கள் சம்பளத்துக்குள் எடுக்க முடிந்தது போலோ ஜிடி இரட்டையர்தான்: 1.2 லிட்டர் பெட்ரோல் டிஎஸ்ஐ, 1.5 லிட்டர் டீசல் டிடிஐ. பெட்ரோலில் 105 பிஎஸ் சக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை). டீசலில் டார்க் மட்டும் 250. வழக்கமாக டீசல் கார் லட்சம் ரூபாய் கூடுதலாக இருக்கும், அதை எத்தனை கிலோமீட்டரில் திரும்ப எடுக்கலாம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவோம். இங்கே இரண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்று. காரணம், பெட்ரோலில் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது, டீசலில் 5 ஸ்பீடு மேனுவல். எரிபொருளைத்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கிளட்ச் பெடலைத் தேர்ந்தெடுத்தோம். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

என் கணக்கு இப்படி இருந்தது. மாதம் 1,000 கிலோமீட்டர். டவுனில் பெட்ரோல் 11 கொடுக்கும், டீசல் 16 கொடுக்கும். பெட்ரோல் லிட்டர் 62, டீசல் 55 என்று வைத்துக்கொண்டேன். மாதம் 2,200 ரூபாய் மிச்சம், நாலு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். எக்ஸெல் ஷீட்டில் பச்சைக் கலர் அடித்து வீட்டில் காட்டினேன்.

இரண்டு இடத்தில் தப்பு செய்திருந்தேன். லீஸில் எரிபொருள் பில்லும் வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்துதான் போகிறது. 30 சதவீத ஸ்லாபில் இருப்பவனுக்கு 2,200 மிச்சம் என்றால் கைக்கு வருவது 1,500 சொச்சம்தான். அடுத்தது கிலோமீட்டர். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை, இரண்டு நாள் ஆபீஸ் கேப். உண்மையில் ஓடியது மாதம் 650. இரண்டையும் சேர்த்தால் டீசல் எனக்கு மிச்சப்படுத்தியது மாதம் ஆயிரம் ரூபாய்.

அந்த ஆயிரத்துக்காக மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்குக் கார் எடுத்த நாளெல்லாம் கிளட்ச் மிதித்தேன். சோழிங்கநல்லூர் சிக்னலில் சாயங்காலம் ஆறரைக்கு நின்றவர்களுக்குத் தெரியும். முதல் கியர், பத்தடி, நியூட்ரல். திரும்ப முதல் கியர், பத்தடி. டர்போ டீசலில் 1,800 ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் சுற்றும் வேகம்) கீழே புல்லிங் இருக்காது, அதனால் அரை கிளட்சிலேயே காலம் போகும். மூன்றாவது வருடம் இடது முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனேன்.

ஞாயிறு விடியற்காலை ஈசிஆரில் கோவளம் தாண்டி மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் மிதித்தால் சீட் முதுகைப் பிடித்துத் தள்ளும், அந்த சுகத்தை மறக்கவே மாட்டேன். ஆனால் மாதத்தில் நாலு ஞாயிறுதான்.

வரிக்கணக்கில் ஏதாவது வித்தியாசம் உண்டா என்று தம்பி கேட்டார். பெட்ரோல், டீசல் என்று இல்லை, இன்ஜின் அளவைத்தான் பார்த்தார்கள். 1.6 லிட்டருக்குள் என்றால் மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400 ரூபாய் சலுகை மதிப்பாக நம் வருமானத்தில் சேர்த்தார்கள். டிரைவர் வைத்தால் இன்னும் 900. இந்த இரண்டு காருமே 1.6-க்குள். ஜிஎஸ்டி வந்த பிறகு லீஸ் வாடகையில் சின்ன வித்தியாசம் வந்தது. 2025 செப்டம்பர் வரை 1,200 சிசிக்கு உட்பட்ட சின்னப் பெட்ரோல் காருக்கு 28 சதவீதத்தோடு செஸ் என்ற கூடுதல் வரி 1 சதவீதம், 1,500 சிசிக்கு உட்பட்ட சின்ன டீசலுக்கு 3 சதவீதம் இருந்தது.

நெல்லைப் பயணி

அண்ணாச்சி, உங்க முழங்கால் வலி எனக்குப் புரியுது. ஆனா என் கதை நேர் எதிர்.

நானும் அதே டிடிஐதான். அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்ச பிறகு மாசம் ரெண்டு தடவை தாம்பரத்திலிருந்து திருநெல்வேலி. போக 600, வர 600. ஆபீஸுக்கு மெட்ரோவும் பஸ்ஸும்தான், கார் வெளியே வர்றதே வெள்ளிக்கிழமை ராத்திரி. மாசம் 2,500 கிலோமீட்டர் ஓடிச்சு. செங்கல்பட்டுல டேங்க் ஃபுல் பண்ணா 45 லிட்டர். நூறுலயே நிதானமா போனா லிட்டருக்கு 20 கிடைச்சுது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் டேங்க்ல மூணுல ஒரு பங்குக்கு மேல இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு பங்க் தேடுற வேலையே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து கிளம்பின ராத்திரிகள்ல அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. திருச்சி, மதுரை நாலுவழிச் சாலையில எந்த காரும் போகும், டார்க்கெல்லாம் தேவையே இல்லை. டீசலோட அருமை தெரிஞ்சது நெல்லை தென்காசி ரோட்டுல. அப்ப அது ரெண்டு வழிதான். ஆலங்குளம் பக்கம் முன்னால ஒரு லோடு லாரி, எதிர்ல பஸ், நடுவுல கிடைக்கிறது ஆறு செகண்ட் இடைவெளி. கியர் இறக்காம நாலாவதுலயே மிதிச்சு தாண்டிருவேன். தம்பி, டீசலோட டார்க் 250ங்கிற எண்ணை அந்த இடத்துலதான் அளந்து பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. டிடிஐ வச்சிருந்த சிநேகிதங்க நிறையப் பேர் ரீமேப் பண்ணாங்க, அதாவது இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தி சக்தியைக் கூட்டினாங்க. எனக்கும் கை அரிச்சுது. ஆர்சி புக்கை எடுத்துப் பார்த்தேன், என் பேர் அதுல இல்லை. வண்டி லீஸ் கம்பெனியுடையது. வாரண்டி போறது ஒரு பக்கம், அடுத்தவன் பொருளைத் திறந்து மாத்துறது வேற. விட்டுட்டேன்.

கோவைக்காரி

நான் பெட்ரோல் கட்சிங்க. சரவணம்பட்டியில வேலை, 2015-ல ஜிடி டிஎஸ்ஐ. எங்க அண்ணன்கிட்ட டிடிஐ. ரெண்டையும் ஒரே நாள், ஒரே மலையில ஏத்திப் பார்த்த அனுபவம் இருக்கறதால எழுதறேன்.

கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது அண்ணன் கார்ல நான், என் கார்ல அண்ணன். இறங்கும்போது மாத்திக்கிட்டோம். டீசல்ல வளைவை விட்டு வெளிய வந்ததும் அந்தப் புல்லிங் அபாரம், பொய் சொல்லமாட்டேன். ஆனா ஒவ்வொரு வளைவுலயும் வேகம் குறைஞ்சு ஆர்பிஎம் கீழ விழுந்துட்டா டர்போ முழிச்சு வர்றதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். அதனால முதல் கியருக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல கை ஓயவே இல்லை. டீசல் இன்ஜின் எடை அதிகம்ங்க, அது முன்சக்கரத்து மேல உக்காந்திருக்கு. இறக்கத்துல ஸ்டியரிங் திருப்பினா மூக்கு வளைவுக்கு வெளியே போகப் பார்க்கறது கையில தெரியும். பெட்ரோல்ல மூக்கு லேசு, நினைச்ச இடத்துல திரும்பும். கியரை மேனுவல் பக்கம் தள்ளி ரெண்டாவதுல வச்சுட்டா இறக்கம் முழுக்க அந்த ஒரே கியர்தான்.

மைலேஜ் கேட்டீங்கன்னா மலையில 8, அவினாசி ரோட்டுல 11, சேலம் ஹைவேல 15. பங்க்ல நிக்கறப்ப வலிக்கும். அதுக்கு நான் சொல்ற பதில் இது: அப்பாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆன பிறகு அவர் தனியா ஓட்ட முடிஞ்ச ஒரே கார் இதுதான். காலைல மார்க்கெட்டுக்கு அவரே எடுத்துட்டுப் போவார். அந்த ரெண்டு வருஷம் அவர் முகத்துல இருந்த தெளிச்சியை எந்த எக்ஸெல் ஷீட்டும் காட்டாதுங்க.

மறைமலைநகர் அனுபவம்

மேலே எல்லோரும் சொல்வது பிஎஸ் 4 என்ற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிக் காலம். தம்பி இன்று எடுப்பதால் 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு என்ன மாறியது என்று சொல்லவேண்டியது என் கடமை. பிஎஸ் 6 என்ற புது விதி வந்ததும் போலோவில் டீசலே நின்றுபோனது, பிறகு 2022-இல் போலோவே இல்லை. மீதி டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சைலன்சர் நன்றாகச் சூடானதும் தானே எரித்துவிடும். 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அதற்கு இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட வேண்டும்.

என் வீடு ஆபீஸிலிருந்து 4 கிலோமீட்டர். எந்த கம்பெனி கார் என்று சொல்லப்போவதில்லை, தப்பு காரில் இல்லை. ஐந்தாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. என்னவென்று தெரியாமல் ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு இன்ஜின் சக்தி குறைந்து வண்டி நொண்ட ஆரம்பித்தது. சர்வீஸில் ஆயில் குச்சியை எடுத்துக் காட்டினார்கள், அளவு கூடியிருந்தது. எரிக்கும்போது கூடுதலாகத் தெளிக்கும் டீசல், பாதியில் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்ததால் ஆயிலில் கலந்துவிட்டது. மெயின்டெனன்ஸ் சேர்ந்த லீஸ்தான் என்று நிம்மதியாக இருந்தேன். லீஸ் தரப்பில் "இது ஓட்டும் விதத்தால் வந்தது, எங்கள் கணக்கில் வராது" என்று கை விரித்தார்கள். ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் அப்படித்தான் இருந்தது. கையிலிருந்து கட்டினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஜிஎஸ்டி ரோட்டில் (திருச்சி நெடுஞ்சாலை) மேல்மருவத்தூர் வரை போய் வருவது பழக்கமானது. அம்மாவுக்குக் கோயில், காருக்கு டிபிஎஃப். தினமும் பத்து கிலோமீட்டருக்குள் ஓட்டுபவர்கள் தயவுசெய்து இன்றைய டீசலை எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்பத்தூரிலிருந்து

சுருக்கமாக ஒன்று. 2018-இல் 60 மாத லீஸ், டீசல். ஐந்து வருடக் கணக்கில் பார்த்தால் நல்ல லாபம். 19-வது மாதம் வேறு வேலை கிடைத்தது. புது கம்பெனியில் லீஸை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை. மீதியைக் கட்டி முடித்து என் பேருக்கு மாற்றினேன், ஆர்சியில் நான் இரண்டாவது உரிமையாளர். விற்கப் போனபோது புரோக்கர் முதலில் பார்த்தது அதைத்தான். டீசல் மிச்சம் ஐந்தாவது வருடத்தில்தான் கைக்கு வரும். நீங்கள் அந்தக் கம்பெனியில் ஐந்து வருடம் இருப்பீர்களா என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மேடவாக்கத்துக்காரர்

எல்லோருக்கும் நன்றி. நெல்லை அண்ணாச்சி, அப்பா எப்படி இருக்கிறார்கள்?

தம்பியிடம் இதையெல்லாம் படிக்கச் சொன்னேன். விலை வித்தியாசத்தையும் சொன்னேன். 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் இடைவெளி. 2014 அக்டோபரில் டீசல் விலையிலும் அரசு கட்டுப்பாட்டை விட்டது, அதோடு அந்தப் பழைய கணக்கு முடிந்தது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையே தாண்டியது. நம் மாமா, சித்தப்பா சொல்லும் "டீசல்னா மிச்சம்" என்பது அந்த 20 ரூபாய்க் காலத்துப் பேச்சு.

டெஸ்ட் டிரைவ் ஞாயிறு காலை ஈசிஆரில் வேண்டாம் என்றேன். ஷோரூமில் பேசி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு சிறுசேரியிலிருந்து துரைப்பாக்கம் வரை ஓட்டினோம், ஒரு மணி நேரத்துக்கு மேல். முதலில் டீசல் மேனுவல், மறுநாள் அதே நேரம் டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக். பைக்கில் ஒரு மாதம் எவ்வளவு ஓடுகிறார் என்றும் மீட்டரைக் குறித்துவரச் சொல்லியிருந்தேன். 810 கிலோமீட்டர் வந்தது, அதில் 640 ஓஎம்ஆரில்.

பெட்ரோல்தான். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. வேலையை விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், இன்ஜின் பழுதில் எது அவர்கள் பொறுப்பு, இரண்டையும் எழுத்தில் கேட்டு எச்ஆருக்கு மெயில் போட்டிருக்கிறார். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.