மாமா எந்த வழியில் மாமா?

போன வருடம் நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து, சைஃபர் க்வெரிகளை பிரவுசரிலேயே எழுதிப் பார்க்க ஒரு பிளேகிரவுண்ட் செய்தோம். ஆட்களை வட்டங்களாகவும் அவர்களுக்குள் உள்ள உறவுகளைக் கோடுகளாகவும் வைத்திருக்கும் டேட்டாவிடம் கேள்வி (க்வெரி) கேட்கிற மொழிதான் சைஃபர். லாகின் கிடையாது. லிங்க்கைத் திறந்தால் ஒரு பக்கம் க்வெரி, மறுபக்கம் வட்டங்களும் கோடுகளும். அதை நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு எடுத்துப்போன அனுபவம் இது.

முதலில் எல்லாம் எங்கள் சர்வரில்தான் ஓடியது. எத்தனை கோடு தாண்டலாம் என்று எல்லை சொல்லாமல், வெறும் நட்சத்திரக் குறி போட்டு யாரோ ஒரு க்வெரி விட்டார். சர்வர் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் க்வெரியை ஓட்டும் எஞ்சினை, பிரவுசருக்குள்ளேயே ஓடும் வெப்அசெம்ப்ளி வடிவத்துக்கு மாற்றினோம். இப்போது சிக்கினால் அவரவர் டேப் மட்டும்தான் சிக்கும். பகிரும் லிங்க்கில் க்வெரியும் டேட்டாவும் # குறிக்குப் பின்னால் இருக்கும். அந்தப் பகுதி சர்வருக்கு வராது.

எங்கே போனாலும் முதல் கேள்வி, “இது கிராஃப்க்யூஎல் தானே சார்?” இல்லை, அது ஏபிஐயிடம், அதாவது ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசும் வாசலிடம், டேட்டா கேட்கிற முறை. சைஃபர் 2011-இல் நியோ4ஜே என்ற டேட்டாபேஸில் தொடங்கிய மொழி, 2015-இல் ஓப்பன்சைஃபர் என்று மற்றவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டு 2024 ஏப்ரலில் ஜிக்யூஎல் என்று இவ்வகை மொழிக்கு ஐஎஸ்ஓவின் சர்வதேசத் தரமே வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் ஒரு வகுப்பில் வழக்கமான சினிமா நடிகர் டேட்டாவைக் காட்டினேன். பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரி, அவரவர் சொந்தபந்தத்தை எழுதுங்கள் என்றேன். வகுப்பே மாறிவிட்டது.

உடனே ஒரு பிழையும் வெளியே வந்தது. ‘நான்’ வட்டத்திலிருந்து ‘தாய்’ வட்டத்துக்கு ‘அம்மா’ என்ற கோடு போட (நான்)-[:அம்மா]->(தாய்) என்று எழுதினால் ஏற்கவில்லை. க்வெரியைப் படித்துப் பிரிக்க நாங்கள் எழுதிய பார்சர் பெயர்களில் எழுத்துகளை மட்டும் அனுமதித்தது. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் எழுத்து வகையில் வராது, குறி வகையில் வரும். அன்று இரவே திருத்தினோம். தமிழில் எழுதிப் பார்க்காமலே வெளியிட்டது எங்கள் தவறு.

மறுநாள் ஒரு மாணவி, “சார், எங்க மாமா எனக்கு ரெண்டு வழியில மாமா” என்றாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அம்மாவின் அண்ணன் அப்பாவின் தங்கையைக் கட்டியிருக்கிறார். திசை பார்க்காமல், மூன்று கோடு வரை என்று எல்லை வைத்து அவளிலிருந்து மாமாவுக்கு வழி கேட்டாள். இரண்டுதான் வரும் என்று நானும் நினைத்தேன். மூன்று வந்தது.

பிழை என்று பதறி நான் எங்கள் புரோகிராமில் தேடப் போனேன். அவள் நோட்டில் படம் போட்டு விரலால் தடவிப் பார்த்தாள். அம்மா, மாமா: ஒன்று. அப்பா, அத்தை, மாமா: இரண்டு. அப்பாவிடம் போய், அங்கிருந்து கல்யாணக் கோட்டில் அம்மாவுக்கு வந்து, மாமா: மூன்று. “சரியாத்தான் சார் வருது. ரெண்டுதான் வேணும்னா கல்யாணக் கோட்டை அத்தைக்கு அப்புறம் மட்டும் அனுமதிக்கணும்” என்றாள். வழியின் வடிவத்தைச் சொல்லிக் கேட்பதுதான் இந்த மொழி என்று நான் ஒரு மணி நேரம் பேசியும் புரியவைக்க முடியாததை அவள் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

பாதிப் பேர் போனில்தான் எழுதினார்கள். போன் கீபோர்டில் பகர அடைப்பும் அம்புக்குறியும் தேடி எடுப்பதற்குள் கை சோர்ந்துவிடும். எழுதும் கட்டத்துக்கு மேலேயே அவற்றுக்குப் பட்டன் வைத்தோம். இப்போது லிங்க்கைத் திறந்ததும் நடிகர்கள் வருவதில்லை. பெயர் மாற்றிய அந்த வீட்டுப் படம்தான், அவள் சம்மதத்தோடு, முதலில் வருகிறது.