ஹெட்ஃபோன் ஆம்ப்-டாக்: ஒலி நிஜமாகவே மேம்படுகிறதா என்று எப்படி முடிவு செய்வது?

தம்புரா_ராத்திரி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஃபியோ ஈ10கே ஆம்ப்-டாக் (யூஎஸ்பியில் மாட்டி, டிஜிட்டல் கோப்பை ஒலி மின்சிக்னலாக மாற்றிப் பெருக்கும் சிறு பெட்டி) ஒன்று கையில் இருக்கிறது. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் சாக்கெட்டை விட இது உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும்.

கேட்பது இரண்டில். ஒன்று பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம். இன்னொன்று காதுக்கு நாலு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (குட்டி ஸ்பீக்கர் வகை) வைத்த இன்-இயர், 16 ஓம், மில்லிவாட்டுக்கு 110 டெசிபல். விண்டோஸ், ஃபூபார்2000 ப்ளேயர், 16 பிட் ஃப்ளாக் கோப்புகள். பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள்.

மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டால் ஈ10கேயில் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) கனமாகவும் தம்புரா தனியாகப் பிரிந்தும் கேட்கிறது. மறுநாள் அதே பதிவில் அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. விமர்சனங்களில் எழுதும் "கதகதப்பு", "மேடை அகலம்" எல்லாவற்றையும் எதை வைத்துச் சரிபார்ப்பது? மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் இரண்டும் உண்டு.

இன்னொன்று: லைன்-அவுட்டில் பவர்டு ஸ்பீக்கரைச் செருகினால் ஓர் உறுமல் வருகிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. இது டாக்கின் குறையா?

---

ஓம்_மீட்டர்:

முதலில் சத்த அளவைச் சமப்படுத்துங்கள். அதைச் செய்யாத ஒப்பீடு எதையும் நம்ப வேண்டாம். அரை டெசிபல் கூடினால் யாரும் "சத்தம் கூடியது" என்று சொல்வதில்லை. "தெளிவாக இருக்கிறது, கனம் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அதோடு, சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஸ்வரங்கள் கூடுதலாகவே மங்கிவிடும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. ஆகவே உங்கள் தொப்பிக் கனத்துக்கு முதல் சந்தேகம் வால்யூம்தான்.

சமப்படுத்த வேண்டியது 0.1 டெசிபலுக்குள். மின்னழுத்தத்தில் அது சுமார் 1.2 சதவீதம். ஒரு பக்கம் 0.300 வோல்ட் என்றால் மறுபக்கம் 0.297க்கும் 0.303க்கும் நடுவில் நிற்க வேண்டும். காதால் இது முடியாது, மீட்டர் வேண்டும். எந்த மீட்டர் என்பதும் முக்கியம்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் மலிவான மஞ்சள் மீட்டர்களில் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும், அது 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டாது. ஏசி மில்லிவோல்ட் காட்டும் மீட்டராக இருக்கட்டும். பல மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தவறாகக் காட்டும் என்பதால் சோதனை ஒலி 100 ஹெர்ட்ஸ் சைன் (ஒரே சீரான தொனி) போதும். ஆடாசிட்டி மென்பொருளில் ஒரு நிமிடத்துக்கு உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3.5 மில்லிமீட்டர் ஒய்-ஸ்ப்ளிட்டர் ஒன்றும், ஒரு முனை வெட்டிய பழைய கேபிள் ஒன்றும் எடுங்கள். ஸ்ப்ளிட்டரின் ஒரு துளையில் ஹெட்ஃபோன், மறுதுளையில் வெட்டிய கேபிள், அதன் வயர்களில் மீட்டர். ஹெட்ஃபோன் செருகியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் ஹெட்ஃபோனை மாட்டியதும் கணக்கு மாறிவிடும். அளக்கும்போது ஹெட்ஃபோனைக் காதில் வைக்காதீர்கள். இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளங்கள். ஈ10கேயின் பேஸ் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். விண்டோஸில் இரண்டு சாதனங்களுக்கும் "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" முழுதாக அணையட்டும், இரண்டுக்கும் சாம்பிள் ரேட் 44100 வையுங்கள். லேப்டாப் சாக்கெட்டுக்கு மட்டும் ஈக்வலைசர் ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

பிறகு கண் மறைத்த சோதனை. வாய்ஸ்மீட்டர் என்ற மென்பொருளில் ஒரே பாட்டை இரண்டு சாதனங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். நீங்கள் திரும்பி உட்காருங்கள். வீட்டில் ஒருவர் காசைச் சுண்டி, எந்த முறை எந்தச் சாதனம் என்று 16 முறைக்கான வரிசையை முன்கூட்டியே எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொரு முறையும் ஓடுவது எது என்று நீங்கள் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி மீண்டும் செருக வேண்டும், மாற்றாத முறைகளிலும்கூட. இல்லையென்றால் கழற்றும் சத்தமே விடையைச் சொல்லிவிடும். லேப்டாப் சாக்கெட்டில் ஒரு ஸ்ப்ளிட்டரை நிரந்தரமாக விட்டுவிட்டு அதில் செருகுங்கள். சாக்கெட் காலியானால் விண்டோஸ் தானாகச் சாதனத்தை மாற்றிவிடும். கேட்கும் துண்டு 10 நொடிக்கு மேல் வேண்டாம். நுணுக்கமான ஒலி நினைவு அதற்கு மேல் தாங்காது, உங்கள் "மறுநாள்" குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

16இல் 12ஓ அதற்கு மேலோ சரியென்றால் குருட்டு ஊகத்தால் அது நடக்க வாய்ப்பு 3.8 சதவீதம். 10இல் 8ஓ அதற்கு மேலோ என்பது 5.5 சதவீதம், அது கொஞ்சம் மெலிது. எத்தனை முறை என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நன்றாகப் போகும் இடத்தில் நிறுத்தினால் கணக்குச் செல்லாது.

---

கம்பிச்சுருள்:

மேலே சொன்னது வித்தியாசம் உண்டா இல்லையா என்று காட்டும். எங்கிருந்து வருகிறது என்று தெரிய இரண்டு எண்கள் போதும்.

ஒன்று, தேவையான மின்னழுத்தம். டிடி 990 ப்ரோ மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமில் ஒரு மில்லிவாட் என்பது 0.5 வோல்ட். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின் உச்சம் 110 டெசிபலைத் தொடட்டும் என்றால் இன்னும் 14 டெசிபல், அதாவது 25 மில்லிவாட், 2.5 வோல்ட், வெறும் 10 மில்லிஆம்பியர். ஈ10கேயின் அறிவிப்பு 32 ஓமில் 200 மில்லிவாட். வோல்ட்டாக்கினால் அதுவும் 2.5தான். ஆக, சரியாகப் போதும், மிச்சமில்லை. இதே கணக்கை ஹைஃபைமேன் எச்ஈ400எஸ்இ என்ற ஹெட்ஃபோனுக்குப் போட்டால் கதை வேறு: 32 ஓம், 91 டெசிபல். அதே 110க்கு 1.6 வோல்ட் போதும், ஆனால் மின்னோட்டம் 50 மில்லிஆம்பியர். "அதிக ஓம் என்றால் ஓட்டுவது கஷ்டம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது அதனால்தான் தப்பு. ஒன்றுக்கு வோல்ட் வேண்டும், மற்றதற்கு ஆம்பியர் வேண்டும்.

மின்னழுத்தம் பத்தாவிட்டால் முதலில் உடைவது மிருதங்கத்தின் சாப்பு. சராசரிச் சத்தம் சாதாரணமாகவே இருக்கும், அடி விழும் கணத்தில் மட்டும் தட்டையாகி "சட்" என்று காய்ந்து கேட்கும். அதைக் "கூர்மை" என்று பாராட்டியவர்களும் உண்டு.

இரண்டாவது, வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது மூலத்துக்குள்ளேயே (லேப்டாப் சாக்கெட் அல்லது ஆம்ப்) இருக்கும் தடை. உங்கள் இன்-இயருக்கு வேறு எதையும் விட இதுதான் முக்கியம். பல ஆர்மேச்சர் வைத்தவற்றில் 16 ஓம் என்பது பெயருக்குத்தான். ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். ஓரிடத்தில் 8, ஓரிடத்தில் 40 என்று வைத்துக்கொள்வோம். மூலத்தின் மின்மறுப்பு 10 ஓம் என்றால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 5 டெசிபல் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். 1 ஓம் என்றால் 0.8 டெசிபல். சுமையின் எட்டில் ஒரு பங்குக்குள் மூலம் இருக்கட்டும் என்று சொல்வது இதற்காகத்தான். 16 ஓமுக்கு 2 ஓமுக்குள்.

அளப்பது சுலபம். 33 ஓம் ரெசிஸ்டர் வாங்குங்கள், அரை வாட் அல்லது ஒரு வாட். கால் வாட் வேண்டாம், குமிழ் தவறி முழுதாக ஏறி 2.5 வோல்ட் வந்தால் 0.19 வாட் போகும், சூடாகி மதிப்பு நகரும். 100 ஹெர்ட்ஸை ஓடவிட்டு, சுமையில்லாமல் 0.4 வோல்ட் அருகில் வையுங்கள். குறித்துக்கொண்டு, குமிழைத் தொடாமல் 33 ஓமைக் குறுக்கே போட்டு மறுபடி அளங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33ஆல் பெருக்கினால் மின்மறுப்பு. வயர்கள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது, ஷார்ட்டானால் சில ஆம்ப் சிப்கள் பிழைக்காது. மீட்டர் கையில் இருக்கும்போதே, பாட்டை நிறுத்திவிட்டு டிசி மில்லிவோல்ட்டும் பாருங்கள். 20க்குள் இருந்தால் கவலையில்லை.

---

நிசப்தம்:

இரைச்சல் பகுதிக்கு நான் வர்றேன்.

அந்த உறுமல் டாக்கோட குறை இல்லை, கிரவுண்ட் லூப். ஸ்பீக்கரோட பூமி ஒரு வழி, சார்ஜரோட பூமி ஒரு வழி, ரெண்டும் லைன்-அவுட் கேபிளோட ஷீல்டுல வந்து சேருது. சார்ஜர்லேர்ந்து கசியுற மின்னோட்டம் அந்த ஷீல்டு வழியா ஓடும். ஹெட்ஃபோன் காதுல தொங்குது, அதுக்குப் பூமி கிடையாது, அதனாலதான் ஹெட்ஃபோன்ல வரலை. முதல்ல சார்ஜரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல செருகிப் பாருங்க, பாதி நேரம் இதுலயே அடங்கிடும். அடங்கலைன்னா யூஎஸ்பி ஐசோலேட்டர் (லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவுல மின்தொடர்பைப் பிரிக்கிற பெட்டி). ஏடியுஎம்4160 சிப் வச்சது 12 மெகாபிட் வேகம்தான், ஆனா ஈ10கே 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும், அதுக்கு அந்த வேகம் தாராளம். லைன் கேபிள்ல போடுற குட்டி டிரான்ஸ்பார்மர் ஐசோலேட்டரும் உறுமலை நிறுத்தும், ஆனா மலிவானதுல தாழ்ந்த ஸ்வரம் கரைஞ்சிடும். மூணாவது பின்னை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீங்க. அது உயிரைக் காப்பாத்துற கம்பி.

உறுமலுக்குப் பதிலா சன்னமா ஒரு "கீ" வந்து, மவுஸை அசைச்சா சுருதி மாறுதுன்னா அது லேப்டாப் பவர் சப்ளை யூஎஸ்பி வழியா கசியுறது. வேற போர்ட் மாத்திப் பாருங்க.

இன்-இயருக்கு 'ஹிஸ்' சோதனை தனியா செய்யணும். 110 டெசிபல், 16 ஓம்னா ஒரு மில்லிவாட்டுக்கு 0.126 வோல்ட். ஆம்ப்போட இரைச்சல் 5 மைக்ரோவோல்ட்னா காதுல 22 டெசிபல், 20 மைக்ரோவோல்ட்னா 34 டெசிபல். ராத்திரி அமைதியான அறையில முதலாவது கிட்டத்தட்ட மறைஞ்சிடும், ரெண்டாவது ஆலாபனையோட இடைவெளியில தெளிவா கேட்கும். வெறும் மௌனமான கோப்பை ஓட்டிச் சோதிக்காதீங்க. சில டாக்குகள் டிஜிட்டல் மௌனம் வந்ததும் தானா வாயை மூடிக்கும், நீங்க "அற்புதமான அமைதி"ன்னு ஏமாந்துடுவீங்க. மைனஸ் 90 டெசிபல்ல ஒரு சைன் செஞ்சு ஓட்டுங்க, டாக் முழிச்சிட்டு இருக்கும்.

கெயின் சுவிட்ச் (ஆம்ப் எவ்வளவு பெருக்கணும்னு வைக்கிறது): இன்-இயருக்கு எப்பவும் லோ. அப்படியும் குமிழை எட்டு மணி நிலையைத் தாண்டித் திருப்ப முடியலைன்னா ப்ளேயர்ல 12 டெசிபல் குறைச்சிட்டு குமிழை ஏத்துங்க. பொதுவா விலை குறைஞ்ச பொட்டென்ஷியோமீட்டர்கள்ல (வால்யூம் குமிழுக்குள்ள இருக்கிற பாகம்) அடிமட்டத்துல இடதும் வலதும் ஒத்துப் போகாது, பாடகர் ஒரு பக்கமா நகர்ந்து உட்கார்ந்துடுவார். ப்ளேயர் வெளியீடு 24 பிட்டா இருந்தா 12 டெசிபல் குறைக்கிறதால 2 பிட்தான் போகும், 16 பிட் பதிவுக்கு ஒரு சேதமும் இல்லை.

---

தம்புரா_ராத்திரி:

எல்லோருக்கும் நன்றி. அளந்த எண்கள் இவை.

ஈ10கே: சுமையில்லாமல் 0.412, 33 ஓமில் 0.400. கணக்கில் 1 ஓம். லேப்டாப் சாக்கெட்: 0.412, சுமையில் 0.285. கணக்கில் 14.7 ஓம். டிசி இரண்டிலும் 5 மில்லிவோல்ட்டுக்குள்.

0.300 வோல்ட்டில் சமப்படுத்திய பின் 16 முறைச் சோதனை: டிடி 990இல் 9 சரி. இன்-இயரில் 15 சரி. இன்-இயரில் லேப்டாப் பக்கம் வீணையின் மீட்டு முன்னால் வருகிறது, குரல் மங்குகிறது. இரண்டும் ஒரே டாக்தானே, ஏன் இப்படி? உறுமல் ஒரே போர்டில் செருகியதும் போய்விட்டது.

---

கம்பிச்சுருள்:

உங்கள் 14.7 ஓமே காரணம். என் 8-40 உதாரணத்தில் இதைப் போட்டால் ஏற்றத்தாழ்வு 6 டெசிபலைத் தாண்டும். உங்கள் இன்-இயரின் வளைவு வேறாக இருக்கலாம், ஆனால் 15 சரி வர அதில் பாதிகூட வேண்டாம். டிடி 990இல் அப்படியில்லை: 250 ஓம் எங்கோ 350க்கு ஏறினாலும் வித்தியாசம் 0.14 டெசிபல்தான். 16இல் 9ஓ அதற்கு மேலோ என்பது கண்ணை மூடிச் சுண்டினாலும் பத்தில் நாலு முறை வரும். அதாவது நீங்கள் கேட்டது டாக் சிப்பின் குணத்தை அல்ல, ஒரு ரெசிஸ்டன்ஸை. இன்-இயருக்கு ஈ10கே அவசியம். டிடி 990க்கு அது தேவைப்படுவது சத்தம் பத்தாத பதிவுகளில் மட்டும், தொனிக்காக இல்லை.

---

ஓம்_மீட்டர்:

சோதனை ஒன்று மிச்சம். 0.300 வோல்ட் மிதமான சத்தம். அங்கே லேப்டாப் சாக்கெட் திணறாது. நீங்கள் வழக்கமாகக் கேட்கும் உச்ச அளவில் டிடி 990ஐ மறுபடி சோதியுங்கள். அதற்கு முன், ரெசிஸ்டரை 270 ஓமாக மாற்றி முழு அளவு 100 ஹெர்ட்ஸை ஓட்டி, லேப்டாப் வால்யூமை 100இல் வைத்து எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். 1 வோல்ட் என்றால் சைனில் 102 டெசிபலோடு நின்றுவிடும்.

டிடி 990இன் தொனியை மாற்ற விரும்பினால் இன்னொரு டாக் வாங்காதீர்கள். அதன் உறுத்தல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து மேட்டிலிருந்து வருகிறது. ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் அங்கே ஒரு பீக் ஃபில்டர், மைனஸ் 5 டெசிபல், க்யூ (பள்ளத்தின் குறுகல்) 2 என்று தொடங்கி, 7க்கும் 9க்கும் நடுவே நகர்த்தி உங்கள் காதுக்கு எங்கே அடங்குகிறது என்று தேடுங்கள். ஃபூபாரில் வசாபி எக்ஸ்க்ளூசிவ் (விண்டோஸின் ஒலிக் கலவையைத் தாண்டி நேரே சாதனத்துக்கு அனுப்பும் முறை) போட்டிருந்தால் ஏபிஓ வேலை செய்யாது, சாதாரண வெளியீட்டுக்கு மாற்றுங்கள். எதையாவது ஏற்றினால், ஏற்றிய அளவுக்கு ஏபிஓவின் ப்ரீஆம்ப்பை (மொத்த அளவை) கீழே இறக்கிவிடுங்கள்.